நான் அரசாங்கமாக இருந்த மேசை

1

மகள் ஹஸ்னாவுக்குப் பதினைந்து வயது பிறந்து நான்காம் நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரம் சொன்னாள்:

"வாப்பா, பள்ளிட பதிவில இருந்து என்ட பேர நான் எடுத்திட்டன்."

நான் பள்ளிக்கூடத்தைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். "ஏன், வேற ஸ்கூலுக்கு மாறப் போறியா?" என்று கேட்டேன். அவள் தலையாட்டி மறுத்தாள். அவள் சொன்னது நாங்கள் ஜும்ஆவுக்குப் போகிற பள்ளிவாசலை. அவள் பிறந்த கிழமையே அதன் உறுப்பினர் பட்டியலில் அவளது பெயரைப் பதிந்தவன் நான்.

"நான் நம்பல்ல வாப்பா. நம்பாம பேர மட்டும் வெச்சிரிக்கிறது பொய்தானே? ஒளிச்சுச் செய்ய எனக்கு விருப்பமில்ல. அதான் சொல்றன்."

என் மனைவி நஸீரா கையிலிருந்த கறிச் சட்டியை மேசையில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "ஊருக்கு மட்டும் சொல்லிராதங்க" என்றாள். அவளுக்கு முதலில் வந்த பயம் அதுதான்.

"ஆரிட்டக் கேட்டு எடுத்த நீ?" என்று நான் கத்தினேன்.

"இங்க கேக்கத் தேவல்ல வாப்பா. பதினஞ்சு வயசானா நாமளே செய்யலாம்."

அவள் பொய் சொல்லவில்லை. நோர்வேயில் சட்டம் அப்படித்தான். ஒரு சமயத்தில் சேரவும் விலகவும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு உரிமை உண்டு. எனக்கு அது தெரியும். என் வீட்டுக்குள் வரும் என்று மட்டும் நினைக்கவில்லை.

2

அடுத்த நாள் வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு நகரசபைக் கந்தோருக்குப் போனேன். பேர்கன் நகரத்தில் வருஷம் முழுக்க மழை. நனைந்த ஜாக்கெட்டோடு இலக்கத் துண்டை எடுத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் குந்தியிருந்தேன். என் இலக்கம் வந்தபோது மேசைக்குப் பின்னால் இருந்தவள் ஓர் இளம் பெண். இருபத்தைந்து வயதுகூட இராது.

போகிற வழியெல்லாம் வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். 'என் மகள் என் அனுமதி இல்லாமல் விலகிவிட்டாள்' என்று சொல்லவேண்டும். நோர்வே மொழியில் அனுமதிக்குத் 'தில்லாத்தெல்சே' என்பார்கள். பதற்றத்தில் என் வாயில் வந்தது 'தில்லித்'. அது நம்பிக்கை, ஒருவர்மேல் ஒருவர் வைக்கிற நம்பிக்கை. என் மகள் என் நம்பிக்கை இல்லாமல் விலகிவிட்டாள் என்று நான் அந்தப் பெண்ணிடம் முறையிட்டிருக்கிறேன்.

அவள் சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னாள்: "அதை நீங்கள் வீட்டில்தான் பேசவேண்டும். இதில் நாங்கள் தலையிட முடியாது. உங்கள் மகள் சேர்ந்திருந்தாலும் விலகியிருந்தாலும் எங்களுக்கு ஒன்றுதான்."

"நான் தகப்பன்" என்றேன்.

"தெரிகிறது" என்றாள். "ஆனாலும் இது அவளுடைய விஷயம்."

அவள் முகத்தில் வெறுப்பு இல்லை, என் மார்க்கத்தின்மேல் இளக்காரமும் இல்லை. தலையில் துணி கட்டிய ஒரு தாய் அடுத்த மேசையில் வேறு அலுவலாக நின்றாள். அவளோடும் இதே குரலில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்ற நான் வந்த பஸ்ஸில் ஏறவில்லை. அது கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு பஸ் போனபிறகுதான் விளங்கியது, நான் வெட்கப்பட்டு நிற்கிறேன் என்று. அந்தப் பெண் இருந்தது மாதிரி ஒரு கதிரையில் ஒரு காலம் நானும் இருந்தவன்.

3

இதை ஊரில் இருப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லாமல் விட்ட கதை இது.

கல்முனைப் பக்கத்தில் ஒரு அரசாங்கக் கந்தோரில், பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுப் பிரிவில் நான் எழுதுவினைஞனாக இருந்தேன். சுனாமிக்குப் பிறகு சில வருஷங்கள் எங்கள் மேசைக்கு முன்னால் வரிசை குறையவே இல்லை. கடல் கொண்டுபோன அத்தாட்சிப் பத்திரங்களுக்குப் பிரதி கேட்டு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். என் வாப்பாவும் அந்தக் கடலில்தான் போனார். உம்மாவையும் தங்கச்சி பஸ்லியாவையும் பார்க்கும் பொறுப்பு என்மேல் வந்தது.

பஸ்லியா கணித ஆசிரியை. அவளோடு அதே பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவன் றிஸ்வி. பாலமுனையைச் சேர்ந்தவன், என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். றிஸ்விக்கு நம்பிக்கை இல்லை. அதை அவன் பறைசாற்றிக்கொண்டு திரிந்ததும் இல்லை. பெடியன்களாக இருந்த காலத்தில் நாங்கள் தொழப் போனால் அவன் வெளிமதிலில் குந்தியிருந்து எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருப்பான். ஆளைப் பற்றி வேறு ஒரு குறையும் சொல்ல ஏலாது. அவனும் பஸ்லியாவும் விரும்புகிறார்கள் என்று தெரிந்தபோது நான் சந்தோஷப்பட்டேன். கலியாணம் ஆனால் இவன் வழிக்கு வந்துவிடுவான் என்று நினைத்தேன். வாப்பா இல்லாத இடத்தில் பெண்ணின் பொறுப்பாளனான வலியாக நின்று தங்கச்சியைக் கட்டிக் கொடுக்கும் நாளையும், பதிவேட்டில் நான் வைக்கப்போகும் கையொப்பத்தையும் மனசுக்குள் பலமுறை பார்த்திருந்தேன்.

ஒரு நாள் காலையில் இரண்டு பேரும் என் மேசைக்கே வந்தார்கள். பஸ்லியா ஒரு ஃபைலைத் திறந்து இருவரின் பிறப்பு அத்தாட்சிகளையும் எடுத்து வைத்தாள்.

"காக்கா, விவாகப் பதிவுக்கு அறிவித்தல் குடுக்க வந்திரிக்கம். பொதுச் சட்டத்தில."

எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு எங்கள் விவாகச் சட்டம் இருக்கிறது. அதில் மணமகனும் வலியும் கையொப்பம் வைப்பார்கள். மணமகள் வைக்கத் தேவையில்லை. ஏதும் பிரச்சினை என்றால் காதி நீதிபதியிடம் போகவேண்டும். தமிழர், சிங்களவர் எல்லாரும் பதிகிற பொதுச் சட்டத்தில் இரண்டு முஸ்லிம்கள் பதிய ஏலாது. இதைச் சொன்னேன்.

"மச்சான், சட்டத்தப் பார்" என்றான் றிஸ்வி. "இஸ்லாத்தைப் பின்பற்றுறவங்கட விவாகம் எண்டுதான் அதில இரிக்கி. நான் பின்பற்றல்ல. அத எழுதிக் கையொப்பம் வெச்சுத் தாறன். என்னை இல்லாத ஒண்டாப் பதியாத."

"சரி, நீ பின்பற்றல்ல. அவள்?"

பஸ்லியா சொன்னாள்: "நான் தொழுறன், நோன்பு பிடிக்கிறன், உங்களுக்குத் தெரியும். ஆனா என்ட கலியாணத்தில என்ட கையொப்பம் இரிக்கணும். நாளைக்கு ஒரு பிரச்சினை எண்டா எல்லாரும் போற கோட்டுக்கு நானும் போகணும். அதுக்குத்தான் கேக்கன்."

நான் குரலைத் தாழ்த்தினேன். "ஈமான் இல்லாதவனோட உனக்கு நிக்காஹ் கூடாதே புள்ள."

"அது எனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில உள்ள விசயம் காக்கா. இந்தக் கந்தோருக்கு அதில என்ன வேலை?"

சுற்றியிருந்தவர்கள் பார்த்தார்கள். என் மேலதிகாரி சிவகாமி மிஸ் எழும்பி வந்தார். கல்முனைத் தமிழ்ப் பெண்மணி. நெற்றியில் திருநீறு இல்லாமல் ஒரு நாளும் நான் அவரைக் கண்டதில்லை. இரண்டு பேரையும் இருக்கச் சொல்லி முழுதும் கேட்டார். சட்டப் புத்தகத்தை எடுத்து வாசித்தார்.

"பின்பற்றுறாரா இல்லையா எண்டு தீர்மானிக்கிறது ஆர், நிசாம்? நீங்களா, நானா?" என்று என்னிடம் கேட்டார். "எனக்குத் தனிய முடிவெடுக்க ஏலாது. கொழும்புக்கு எழுதிக் கேப்பம். நீங்க கடிதத்தத் தயாரியுங்க, நான் கையொப்பம் வைக்கிறன்."

கடிதத்தை நான்தான் எழுதினேன். நல்ல கடிதம். இருவரின் பெயர், தொழில், கோரிக்கை, சட்டத்தில் உள்ள சொல், எமக்கு வேண்டிய அறிவுறுத்தல் எல்லாம் ஒழுங்காக இருந்தது. மிஸ் கையொப்பம் வைத்தார். தபாலில் சேர்ப்பது என் வேலை.

நான் சேர்க்கவில்லை. என் மேசையின் கீழ் லாச்சியில், வெறும் படிவக் கட்டுகளுக்கு அடியில் வைத்தேன்.

ஏன் என்று எத்தனையோ தரம் என்னையே கேட்டிருக்கிறேன். மார்க்கத்தைக் காப்பாற்றினேன் என்று அப்போது எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஊர் என்ன சொல்லும் என்ற பயமும் இருந்தது. எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் அடியில் கிடப்பது வேறு. என் கையொப்பம் இல்லாமல் என் தங்கச்சி கலியாணம் முடிக்கப் பார்த்தாள். அதை என்னால் தாங்க ஏலாமல் போனது.

மூன்று மாதத்தில் மிஸ் திருகோணமலைக்கு இடமாற்றம் கிடைத்துப் போய்விட்டார். போகும் நாளில்கூட, "அந்தக் கடிதத்துக்குப் பதில் வந்தா பிள்ளைகளுக்குச் சொல்லிப் போடுங்க" என்றார். அவர் போய் ஒரு கிழமையில் நான் இருவரையும் கூப்பிட்டு, "ஏலாது எண்டு பதில் வந்திட்டு" என்றேன்.

"கடிதத்தக் காட்டு மச்சான்."

"கந்தோர்க் கடிதம் வெளிய காட்ட ஏலா."

அவன் என்னை நம்பினான். பஸ்லியாவும் நம்பினாள். நான் கூடப்பிறந்த காக்கா அல்லவா.

பிறகு நான் ஒரு வழி சொன்னேன். றிஸ்வி பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு முன்னால் நம்புகிறேன் என்று கலிமாவைச் சொல்லட்டும், எங்கள் சட்டத்திலேயே பதிவோம், நானே வலியாக நிற்கிறேன் என்று. றிஸ்வி ஒரு கிழமை யோசித்தான். பிறகு வீட்டுக்கு வந்து முற்றத்தில் நின்றபடியே சொன்னான்: "நீ உசிராட்டம் நம்புற ஒண்ட நான் வாயால மட்டும் சொன்னா, அது எனக்குக் கேவலம். உனக்கும் கேவலம். என்னால ஏலா மச்சான்."

பஸ்லியா உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அவர் பொய் சொல்லி எனக்குக் கலியாணம் வேணா" என்றாள்.

நிர்வாகிகளிடம் நான் வாயைத் திறந்த பிறகு கதை ஊருக்குள் பரவாமல் இருக்குமா? இவன் எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கக் கூடாது என்று சில பெற்றார் பாடசாலை அதிபரிடம் போனார்கள். றிஸ்வி பொத்துவில் பக்கம் இடமாற்றம் கேட்டுப் போனான். பஸ்லியா ஒரு வருஷம் பொறுத்திருந்துவிட்டு, உங்கள் வாழ்க்கையைப் பாருங்கள் என்று அவனுக்குச் சொல்லிவிட்டாள். வந்த கலியாணப் பேச்சு ஒன்றுக்கும் அவள் சம்மதிக்கவில்லை. இன்றைக்கும் கல்முனையில் உம்மாவோடுதான் இருக்கிறாள். ஐந்து நேரமும் தொழுகிறாள்.

றிஸ்வி சில வருஷம் கழித்து ஒரு தமிழ் ஆசிரியையைக் கலியாணம் முடித்தான். பெண் முஸ்லிம் இல்லை என்பதால் பொதுச் சட்டத்தில் ஒரு தடையும் இல்லை. ஒரு காலை நேரத்துக்குள் பதிவு முடிந்ததாம். அதே றிஸ்விதான். என்ன நம்புகிறாய் என்று அங்கே அவனை யாரும் கேட்கவில்லை. இப்போது அறுகம்பேயில் வெள்ளைக்காரர் தங்கும் சின்ன விடுதி ஒன்றையும் நடத்துகிறான்.

4

நஸீராவின் குடும்பம் முன்னமே நோர்வேயில் இருந்தது. ஊருக்கு வந்து என்னைக் கலியாணம் முடித்துவிட்டு அவள் திரும்பிப் போனாள். நான் பின்னால் போவதற்கு விண்ணப்பம் போட்டேன். எங்கள் விவாக அத்தாட்சியின் மொழிபெயர்ப்பைப் பார்த்த அதிகாரி நேர்முகத்தில் கேட்டார்:

"மணமகளின் கையொப்பம் எங்கே?"

எங்கள் முறையில் அது தேவையில்லை என்றேன். அவளுக்குப் பதிலாக அவளின் தகப்பன் வைத்திருக்கிறார் என்று விரலால் காட்டினேன்.

"அப்படியானால் மணமகள் சம்மதித்தார் என்று நாங்கள் எப்படி எடுத்துக்கொள்வது?"

நஸீரா அங்கே இருந்து தனியாக ஒரு வாக்குமூலம் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பவேண்டி வந்தது. ஏழு மாதம் இழுபட்டது. அந்த ஏழு மாதமும் அந்த அதிகாரியைத் திட்டினேன். பஸ்லியாவும் இந்தக் கையொப்பத்தைத்தான் கேட்டாள் என்பது எனக்கு உறைத்தது. ஆனால் உறைத்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை, எனக்குள்ளேகூட. நோர்வேக்கு வெளிக்கிடும் நாளில் என் மேசையைத் துப்புரவாக்கினேன். லாச்சியில் இருந்த கடிதத்தைக் கிழித்துப்போட்டேன்.

5

இங்கே நான் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் சமையல் வேலை செய்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய்வர நேரம் தருகிறார்கள். எங்கள் பள்ளிவாசலுக்கு அரசாங்கம் உறுப்பினர் தொகைக்கு ஏற்ப உதவித்தொகை கொடுக்கிறது. தேவாலயத்துக்கும் கொடுக்கிறது. கடவுள் இல்லை என்கிறவர்களின் சங்கத்துக்கும் கொடுக்கிறது. முதலில் இதைக் கேள்விப்பட்டபோது நஸீராவிடம் சொல்லிச் சிரித்தேன்: "ஒண்டையும் நம்பாததுக்கும் அரசாங்கம் உதவி செய்யிது பாருங்க." எங்களுக்கு வருவதை ஒரு நாளும் நான் வியக்கவில்லை. அது எங்கள் உரிமை என்று எடுத்துக்கொண்டேன்.

கொரோனாக் காலத்தில் ஊரில் என் மாமா ஒருவர் மௌத்தானார். அப்போது எங்கள் நாட்டில் கொரோனாவில் இறந்த எல்லாரையும் எரிக்கவேண்டும் என்று உத்தரவு. மாமாவையும் எரித்தார்கள். கபன் துணி இல்லை, கப்றுக் குழி இல்லை. நாங்கள் சில பேர் இந்த நகரத்துச் சதுக்கத்தில் மழைக்குள் பதாகை பிடித்து நின்றோம். என்னோடு குசினியில் வேலை செய்யும் ஆர்னேயும் வந்து பக்கத்தில் நின்றான். செத்தால் தன்னை எரித்துச் சாம்பலைக் கடலில் கொட்டச் சொல்லி எழுதிவைத்திருப்பவன் அவன். எந்தச் சமயமும் இல்லாதவன்.

"நீ ஏன் வந்தாய்?" என்று கேட்டேன்.

"உன் மாமா மண்ணுக்குள் போக விரும்பினார். என்னை மண்ணுக்குள் போடக் கூடாது என்று நான் விரும்புகிறேன். இரண்டும் ஒரே விஷயந்தானே" என்றான்.

அன்றைக்கு அவனைக் கட்டிப்பிடித்தேன். எங்கள் நாட்டில் அரசாங்கம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது, எல்லாரையும் ஒரே கண்ணால் பார்க்கவில்லை என்று ஒலிவாங்கியில் பேசினேன்; ஆட்கள் கைதட்டினார்கள். சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் பஸ்லியாவும் றிஸ்வியும் என் முன்னால் வந்து நின்ற அந்தக் காலையில், அந்த மேசையளவு இடத்துக்கு அரசாங்கம் நான்தான். நான் எந்தப் பக்கம் சாய்ந்தேன் என்பது அந்தச் சதுக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது.

6

நகரசபையில் இருந்து வந்து இரண்டு நாள் ஹஸ்னாவோடு நான் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அவள் என் பக்கத்தில் வந்து குந்தினாள். "கோவமா வாப்பா?" என்றாள். கோபம் உன்னோடு இல்லை என்று சொல்லத் தொடங்கி, எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். கடிதத்தையும் சொன்னேன். இடைக்கிடை விளங்காத சொல்லுக்கு மட்டும் அர்த்தம் கேட்டாள்.

முடிந்தபிறகு கேட்டாள்: "பஸ்லியா மாமிக்கு இது தெரியுமா?"

"தெரியா."

"அப்ப எனக்கு ஏன் முதல்ல சொன்னீங்க?"

அவள் எழும்பிப் போகவில்லை. நான் போனை எடுக்கும் வரைக்கும் இருந்தாள்.

ஊரில் பின்னேரம். பஸ்லியா மாணவர்களின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். உம்மாவின் சுகம், வெயில், மின்வெட்டு என்று கொஞ்சம் சுற்றினேன். பிறகு சொன்னேன். கொழும்புக்குக் கடிதம் போகவே இல்லை, பதில் என்று நான் சொன்னது பொய் என்று சொன்னேன். கிழித்ததையும் சொன்னேன்.

லைன் அறுந்துவிட்டதோ என்று "தங்கச்சி?" என்றேன்.

"இரிக்கன்" என்றாள். பிறகு கேட்டாள்: "அந்தக் கடிதத்தில என்ன எழுதியிரிந்தீங்க? ஞாபகமிரிக்கா?"

இருந்தது. எண்ணத்தில் நின்ற வசனங்களைச் சொன்னேன். "கோரிக்கையாளர் இருவரும் வயது வந்தவர்கள், சுயவிருப்பின்பேரில் கோருகின்றனர்" என்ற இடத்தில் அவள் இடைமறித்தாள்.

"அப்பிடித்தான் எழுதினீங்களா?"

"ஓம்."

"நல்லாத்தான் எழுதியிரிக்கீங்க."

"மன்னிச்சிக்க புள்ள. அனுப்பியிரிந்தாலும் ஏலாது எண்டுதான் பதில் வந்திரிக்கும்" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"வந்திரிக்கலாம்" என்றாள். குரல் உயரவில்லை. "அரசாங்கம் ஏலாது எண்டு சொல்லியிரிந்தா நாங்க வழக்குப் போட்டிரிப்பம் காக்கா. அவர் அப்பவே ஒரு சட்டத்தரணிட்டப் பேசி வெச்சிரிந்தவர். நீங்க சொன்னதாலதான் நம்பிட்டு வீட்ட போனம்."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நான் தொழுத தொழுகையில உங்களுக்கு எத்தின துஆ கேட்டிரிக்கன் தெரியுமா? கஷ்டப்பட்டுக் கடிதமெல்லாம் எழுதிப் பாத்த காக்கா எண்டு." அதற்குமேல் அவள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. "ஹஸ்னா பக்கத்திலயா? குடுங்க அவள்ட்ட."

ஹஸ்னாவின் விஷயத்தையும் நான் அவளிடம் சொல்லியிருந்தேன். போனை மகளிடம் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன். ஹஸ்னாவின் உடைந்த தமிழ் துண்டுதுண்டாகக் கேட்டது. "ஓம் மாமி." "இல்ல மாமி, கோவத்தில இல்ல." ஒரு தடவை இருவரும் சிரித்தார்கள். பஸ்லியா அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டுப் பல வருஷம். அரை மணித்தியாலம் கதைத்திருப்பார்கள்.

ஹஸ்னா போனைக் கொண்டுவந்து தந்தாள்.

"மாமி என்ன சொன்னா?"

"வாற பெருநாளுக்கு என்னைக் கல்முனைக்கு வரச் சொன்னா. தொழுறதும் தொழாததும் உன்ட விருப்பம், ஆனா பெருநாள் சாப்பாடு தின்னாம தப்ப ஏலா எண்டா. அவட அறையிலதான் என்னைப் படுக்க வைப்பாவாம்."

"நல்லம்" என்றேன். கொஞ்சம் பொறுத்து, "என்னையும் வரச் சொன்னாவா?" என்று கேட்டேன்.

ஹஸ்னாவுக்கு ஒளிக்கத் தெரியாது. என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இல்ல வாப்பா" என்றாள். "உங்களப் பத்தி மாமி ஒண்டும் கதைக்கல்ல."